அணைக்கும் சேதாரம் உண்டு: ஆத்துக்கு வர்ற பாதிப்பைக் கொறைக்கிறது எப்படி?

மதுரைக்காரங்களுக்கு வைகை அணைன்னா அடிக்கணக்குதான். "இன்னைக்கு எத்தனை அடிண்ணே?"ன்னு டீக்கடையில கேட்டா யாராவது ஒருத்தர் கரெக்டா சொல்லிருவாரு. 66 அடி வந்தா முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 வந்தா ரெண்டாவது, 69ல மூணாவது, 71 வந்தா ஃபுல்லு, தேனி திண்டுக்கல் மதுரை சிவகங்கை ராமநாதபுரம்னு அஞ்சு மாவட்டத்துக் கரையோர ஊருக்கும் தகவல் போயிரும். உசிலம்பட்டிப் பக்கம் போய்க் கேட்டீங்கன்னா அவங்களுக்கு 67 அடிதான் முக்கியம், ஏன்னா அதுக்கு மேல ஏறினாத்தான் 58 கிராமக் கால்வாய்க்குத் தண்ணி போகும்.

ஆனா இந்த அடிக்குள்ள வராத ஒரு கணக்கு இருக்கு. ஓடிக்கிட்டிருந்த ஆத்தைப் பிடிச்சு ஒரு இடத்துல நிறுத்தினா மேலே இருக்கற காடும் ஊரும் முங்குது, கீழே இருக்கற ஆறு காயுது, நடுவுல நிக்கிற தண்ணியோட குணமே மாறிப் போகுது. நகைக்கடையில செய்கூலியோட சேதாரமும் சேத்துப் போடுவாங்கல்ல, அந்த மாதிரி அணைக்கும் ஒரு சேதாரம் உண்டு, என்ன, இங்க அந்தப் பில்லு நகை போட்டவங்களுக்குப் போகாது, ஆத்துல இருக்கற மீனுக்கும் முங்கின ஊர்க்காரங்களுக்கும் கடைமடை விவசாயிக்கும் போகுது. அணையே கூடாதுன்னு சொல்றதுக்காக இதை எழுதல. பெரியாத்துத் தண்ணி இல்லைன்னா மேலூர் வரைக்கும் நெல்லு ஏது? கட்டித்தான் ஆகணும்னு முடிவான பிறகு, இந்தச் சேதாரத்தை எங்கெங்க எப்படிக் கொறைக்கலாம்ங்கறதுதான் விஷயம். இன்ஜினியரிங் படிச்சிருக்கணும்னு அவசியமில்ல, சும்மா வாசிங்க.

முதல்ல ஒரு வரிசையைப் புரிஞ்சுக்கணும். தவிர்க்க முடிஞ்சதைத் தவிர், முடியலையா கொறை, கொறைச்சும் மிச்சமிருந்தா சரிபண்ணு, அதுவும் முடியலைன்னா கடைசியா ஈடு கொடு. உலகம் பூராம் இதே வரிசைதான் சொல்றாங்க. நடக்குறது என்னன்னா தலைகீழ். அணைன்னு பேச்சு எடுத்த உடனே "வெட்டுற மரத்துக்குப் பதிலா ரெண்டு மடங்கு மரம் நடுவோம்"னு சொல்லி நாலாவது படியில இருந்து ஆரம்பிப்பாங்க. என்னைக் கேட்டா, ஒரு அணையோட பாதிப்புல பெரும்பகுதி முதல் கல்லு வைக்கிறதுக்கு முன்னாடியே, மேப்புல விரலை வச்சு "இங்க"ன்னு சொல்ற அன்னைக்கே முடிவாயிருது. மிச்சம், கட்டி முடிச்ச பிறகு ஷட்டரை எப்பத் திறக்குறது, எவ்வளவு திறக்குறதுங்கறதுல இருக்கு. நடுவுல நடக்குற மரம் நடுவிழா போட்டோவுக்கு நல்லா இருக்கும்.

இடம்ங்கறது ஏன் அம்புட்டு முக்கியம்னு ரெண்டு அணையைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாத் தெரியும். பிரேசில்ல அமேசான் காட்டுக்குள்ள 1980கள்ல பால்பினான்னு ஒரு அணை கட்டுனாங்க. நெலம் சமதளம், தண்ணி நிக்காமப் பரவிருச்சு, சுமார் 2,360 சதுர கிலோமீட்டர் காடு முங்கிச்சு, கரண்ட் எவ்வளவுன்னா வெறும் 250 மெகாவாட். அதே பிரேசில், பராகுவே எல்லையில இருக்கற இட்டைப்பு அணை சுமார் 1,350 சதுர கிலோமீட்டர்தான், கெப்பாசிட்டி 14,000 மெகாவாட். முதலாவதுல ஒரு மெகாவாட்டுக்கு ஒன்பது சதுர கிலோமீட்டருக்கு மேல காவு கொடுத்திருக்காங்க, ரெண்டாவதுல ஒரு சதுர கிலோமீட்டர்ல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. ரெண்டுமே அணைதான், கான்கிரீட்டும் அதேதான், இடம் மட்டும்தான் வேற. அதனால ரெண்டு மலை நெருங்கி வர்ற இடமா, ஆழமா தண்ணி நிக்கிற இடமா, பரப்பு கம்மியா இருக்கற இடமாப் பாக்கணும். பரப்பு கம்மின்னா முங்குற காடு கம்மி, வெயிலுக்கு ஆவியாகுற தண்ணியும் கம்மி.

சில சமயம் சரியான இடம்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னும் தெரிய வரும். கேரளாவுல பாலக்காடு பக்கம் சைலன்ட் வேலியில குந்திப்புழா ஆத்துக்குக் குறுக்க 120 மெகாவாட் திட்டம் போட்டாங்க, சிங்கவால் குரங்கு வாழற மழைக்காடு முங்கிரும்னு பெரிய எதிர்ப்பு வந்துச்சு, 1983ல திட்டத்தைக் கைவிட்டாங்க, 1984ல அதைத் தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க. கரண்ட்டுக்கு வேற வழி கிடைச்சிருச்சு, அந்தக் காட்டுக்கு வேற இடம் கிடைச்சிருக்காது.

இதையெல்லாம் முன்கூட்டியே பாக்கத்தான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடுன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. இந்தியாவுல 1994ல முதல் அறிவிக்கை வந்துச்சு, இப்ப நடைமுறையில இருக்கறது 2006 அறிவிக்கை. குறிப்பிட்ட அளவுக்கு மேல இருக்கற அணைத் திட்டம்னா ஆய்வு பண்ணி அறிக்கை கொடுக்கணும், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தணும், அப்புறம்தான் அனுமதி. இதுல ஒரு நுணுக்கம் சொல்றேன். ஆய்வு எந்த மாசத்துல பண்றாங்கன்னு பாருங்க. நம்ம வைகை மாதிரி ஆத்துல சித்திரை வைகாசியில போய் வலையைப் போட்டுட்டு "இந்த ஆற்றில் குறிப்பிடத்தக்க மீன் இனங்கள் இல்லை"ன்னு எழுதிட்டு வந்துரலாம், பொய்யும் இல்ல! ஐப்பசி கார்த்திகையில போனாத்தானே என்ன இருக்குன்னு தெரியும். குறைஞ்சது மழைக்காலம், பனிக்காலம், கோடைன்னு மூணையும் பாத்த ஆய்வா இருக்கணும். இன்னொண்ணு, ஒரே ஆத்துப் படுகையில ஏற்கனவே நாலு அணை இருக்கும், அஞ்சாவதுக்கு ஆய்வு பண்றவங்க அஞ்சாவதை மட்டும் தனியாப் பாத்து "பாதிப்பு கம்மி"ன்னு எழுதுவாங்க. ஆத்துக்குத் தனித்தனியாத் தெரியாதுல்ல, மொத்தமாத்தான் தெரியும்.

சரி, அனுமதி வாங்கியாச்சு, வேலை ஆரம்பிச்சாச்சு. கட்டுற வருஷங்கள்ல வர்ற பாதிப்பு வேற மாதிரி. ஆத்தைத் திருப்பிவிட முதல்ல ஒரு தற்காலிகத் தடுப்பு கட்டுவாங்க, அது வெள்ளத்துல பிச்சுக்கிட்டுப் போச்சுன்னா அம்புட்டு மண்ணும் கீழ ஆத்துக்குள்ளதான். பென்னிகுவிக் பெரியாறு அணை கட்டினப்ப தற்காலிக அணைகள் திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டுப் போன கதை நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அப்ப அதைச் செலவுக் கணக்காத்தான் பாத்தாங்க, இன்னைக்கு ஆத்துக்கும் அது அடின்னு தெரியும். அதனால வேலையை வெள்ளம் வராத மாசமாப் பாத்து வச்சுக்கறது, தோண்டுன மண்ணை ஆத்தோரம் கொட்டாம தள்ளி மேடாக் கொட்டி புல்லு வளக்குறது, கலங்கல் கீழே போகாம துணித்திரை மாதிரி கட்டுறதுன்னு எல்லாம் பண்ணணும்.

அப்புறம் கான்கிரீட் கலவை மெஷினைக் கழுவி ஊத்துற தண்ணி. பாக்க வெறும் சாம்பல் தண்ணிதான், ஆனா சிமெண்ட்டோட காரம் அதுல அம்புட்டும் இருக்கும், நேரா ஆத்துல விட்டா மீனோட செவுளை அரிச்சிரும். ஒரு குழி வெட்டி, அதுல தேக்கி, தெளிய வச்சு, காரத்தைச் சரிபண்ணி மறுபடி கலவைக்கே எடுத்துக்கலாம், பெரிய செலவே இல்ல. அதே மாதிரி கல்லு உடைக்கிற குவாரியையும் மண்ணு எடுக்கற இடத்தையும் நாளைக்குத் தண்ணி முங்கப்போற பகுதிக்குள்ளயே வச்சுட்டா, மலையில தனியா ஒரு பள்ளம் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்காது. வேலைக்கு வர்ற ஆயிரக்கணக்கான ஆளுங்களுக்குச் சமைக்க கேஸ் சிலிண்டர் கொடுத்துட்டா அவங்க விறகுக்குக் காட்டுக்குள்ள போகமாட்டாங்க. சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா வருஷக்கணக்கா நடக்குற வேலையில அணை முழுங்குற காட்டோட அடுப்பு முழுங்குற காடும் சேந்துக்கும்.

தண்ணி தேக்குறதுக்கு முன்னாடி இன்னொரு வேலை இருக்கு. தேக்கடிக்குப் போட்டிங் போயிருப்பீங்க, ஏரிக்குள்ள மொட்டை மொட்டையா கருப்பா மரக்கட்டைங்க தலையை நீட்டிக்கிட்டு நிக்கும், நீர்க்காகம் அதுமேல உக்காந்து றெக்கையைக் காயப் போட்டுக்கிட்டிருக்கும். அதெல்லாம் 1895ல பெரியாறு அணை கட்டி முடிச்சப்ப முங்குன காடு. நூத்தி இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் முழுசா மக்கல, ஏன்னா தண்ணிக்கடியில ஆக்சிஜன் கம்மி. அந்த ஆக்சிஜன் இல்லாத இடத்துலதான் பிரச்சினையும். பெரிய கட்டை மெதுவாத்தான் மக்கும், ஆனா இலை, தழை, புதர், சருகெல்லாம் சீக்கிரமா அழுகும், ஆக்சிஜன் இல்லாம அழுகுறப்ப மீத்தேன் வாயு வரும். இருபது வருஷக் கணக்குல பாத்தா கார்பன் டை ஆக்சைடை விட எண்பது மடங்கு கிட்ட சூடேத்துற வாயு அது. வெப்பமான நாடுகள்ல ஆழமில்லாத நீர்த்தேக்கம் இதுல ரொம்ப மோசம், மேலே சொன்ன பால்பினா இதுக்கும் பேர்போனது. "நீர்மின்சாரம்னா சுத்தமான மின்சாரம்"னு சொல்றவங்க இதைச் சொல்ல மாட்டாங்க.

அதனால தண்ணி தேக்குறதுக்கு முன்னாடி புதரையும் தழையையும் வெட்டி வெளிய எடுத்தரணும், அங்கயே போட்டு எரிக்கக்கூடாது. மரத்தை மட்டும் மொட்டையடிக்கிறதா வேணாமாங்கறதுல எனக்கு ஒரு யோசனை உண்டு, ஆழமான பகுதியில எடுத்துருங்க, ஆனா கரையோரமா கொஞ்சத்தை விட்டு வைங்க, தேக்கடி நீர்க்காகம் மாதிரி பறவைக்கு இடம், மீன்குஞ்சுக்கு ஒளிய இடம். தண்ணியையும் ஒரே வெள்ளத்துல நிரப்பிரக்கூடாது. மெதுவா படிப்படியா ஏத்துனா மிருகங்க மலைப்பக்கம் நகர நேரம் கிடைக்கும். ஆப்பிரிக்காவுல ஜாம்பேசி ஆத்துல கரிபா அணை நிரம்பினப்ப தீவு தீவா மாட்டிக்கிட்ட மிருகங்களைப் படகுல போய்ப் பிடிச்சு 6,000க்கு மேல காப்பாத்துனாங்க, 1958ல ஆரம்பிச்ச வேலை. பேர் பெத்த வேலைதான், ஆனா முன்னாடியே வழி விட்டிருந்தா அதுல பாதிக்கு அவசியமே வந்திருக்காது.

இப்ப வண்டலுக்கு வருவோம், இதைப் பத்தித்தான் நெறைய சொல்லணும்.

ஆறுன்னா தண்ணி மட்டும் இல்ல, மண்ணும் சேந்துதான் வருது. ஓடுற வரைக்கும் தூக்கிக்கிட்டு வரும், அணையில நின்ன உடனே கீழே இறக்கி வச்சிரும். 1959ல திறந்த வைகை அணையில அன்னையில இருந்து வருசநாட்டு மலை, மேகமலைச் சரிவுல இருந்து வர்ற மண்ணு படிஞ்சுக்கிட்டே இருக்கு. இதுல என்ன விசேஷம்னா, 71 அடின்னு போர்டுல எழுதுறது தண்ணியோட உயரம்தான், அளவு இல்ல. அடியில சேறு ஏற ஏற அதே 71 அடிக்கு உள்ள தண்ணி கொறைஞ்சுக்கிட்டே வரும், ஆனா பேப்பர்ல அடி மாறாது. டேம் ஃபுல்லுன்னு சந்தோஷப்படுறப்ப ஞாபகம் வச்சுக்க வேண்டிய விஷயம்.

பாதிப்பு மேலே மட்டும் இல்ல, கீழேயும்தான். மண்ணையெல்லாம் இறக்கி வச்சுட்டுத் தெளிஞ்சு வெளிய வர்ற தண்ணிக்கு அகோரப் பசி, போற வழியில கரையையும் படுகையையும் அரிச்சுக்கிட்டுப் போகும். மேலே இருந்து புது மணல் வராது, இருக்கற மணலையும் தண்ணி ஒரு பக்கம் அரிக்கும், மனுஷன் ஒரு பக்கம் லாரியில அள்ளுவான். மணல் போன ஆத்துல தண்ணி நிக்காது, நிக்காட்டி பக்கத்துக் கிணத்துக்கு ஊத்து வராது. கடல் வரைக்கும் மண்ணு போய்ச் சேரலைன்னா கடற்கரையே அரிச்சுப் போகும்.

இதுக்கு நம்ம ஆளுங்க எப்பவோ ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க. பழைய கண்மாய்கள்ல தண்ணி வத்துனப்ப உள்ள இறங்கிப் பாத்தீங்கன்னா, கரையில இருந்து கொஞ்சம் தள்ளி ரெண்டு கல்தூணு நிக்கும், மேலே குறுக்கா ஒரு கல்லு. அதுதான் குமிழித்தூம்பு. தூணுக்கு நடுவுல ஒரு மூடிக்கல்லைத் தூக்குனா தண்ணி சுழிச்சுக்கிட்டு உள்ள இறங்கும். மேலே இருக்கற துளைக்கு நீரோடின்னு பேரு, அதுக்கும் கீழே தரையோட ஒட்டி சின்னதா துளை இருக்கும், சேறோடி. பாசனத்துக்குத் தண்ணி போறப்பவே சேறும் கூடவே கொஞ்சம் கொஞ்சமாப் போய் வயல்ல சேரும், கண்மாயும் தூராது, வயலுக்கும் உரம். பாண்டியர் காலத்துத் தூம்புல கல்வெட்டே இருக்கு, யாரு போட்டதுன்னு பேரோட.

இதே தத்துவத்தைத்தான் இன்னைக்கு உலகம் பூராம் பெரிய அளவுல பண்ணப் பாக்குறாங்க. அணையோட அடியில மணற்போக்கி மதகு வச்சு, வெள்ளம் வர்ற நேரத்துல கலங்கல் தண்ணியைத் தேக்காம அப்படியே கீழே விட்டுட்டு, வெள்ளம் வடியுறப்ப வர்ற தெளிஞ்ச தண்ணியைத் தேக்கி வைக்கிறது. இதைப் பண்ணாம விட்டு மாட்டிக்கிட்டது சீனாவோட சான்மென்ஷியா அணை. மஞ்சள் ஆத்துல 1960ல தண்ணி தேக்க ஆரம்பிச்சாங்க, ரெண்டே வருஷத்துல பயப்படுற அளவுக்கு வண்டல் ஏறிருச்சு, அப்புறம் சுரங்கம் குடைஞ்சு, அடைச்சு வச்ச அடித்துளைகளை மறுபடி திறந்து, அணையைப் பாதி திருப்பிக் கட்டுன மாதிரி ஆச்சு. ஜப்பான்லயும் சுவிட்சர்லாந்துலயும் மண்ணோட வர்ற வெள்ளத்தை அணைக்குள்ளயே விடாம தனிச் சுரங்கம் வழியா சுத்திக் கீழே அனுப்புறாங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, பல வருஷம் அடியில கிடந்து அழுகுன சேத்தை கோடையில ஒரே நாள்ல திறந்துவிட்டா கீழே இருக்கற மீனெல்லாம் மூச்சு முட்டிச் செத்துப்போகும். வெள்ளத்தோட வெள்ளமா, அளவாத்தான் விடணும்.

தூர் வாரலாமேன்னு கேப்பீங்க. கண்மாய்க்கு அது சரி, வத்துனப்ப கரம்பை மண்ணை டிராக்டர்ல அள்ளிக்கிட்டுப் போய் வயல்ல கொட்டுனா விளைச்சல் பாக்கவே நல்லா இருக்கும், சம்சாரிங்க அனுமதிக்கு அலையுறது அதுக்குத்தான். வைகை மாதிரி அணையில அள்ளுற மண்ணை எங்க கொண்டுபோய்க் கொட்டுறது, செலவு யாருதுன்னு பாத்தா மலைப்பா இருக்கும். அதனால மண்ணு கிளம்புற இடத்துலயே நிறுத்துறதுதான் உள்ளதுல சல்லிசு. மேலே காடு அடர்த்தியா இருந்தா மழை மண்ணைக் கரைக்காது, ஓடையில சின்னச் சின்னத் தடுப்பணை போட்டா வர்றதும் வழியில நின்னுரும். 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலையைப் புலிகள் காப்பகமா அறிவிச்சாங்கல்ல, வைகையோட நீர்ப்பிடிப்புப் பகுதியில முக்கியமான ஒரு பகுதி அதுக்குள்ளதான் வருது. புலிக்குப் பண்ணுனதுல மதுரைக்காரன் குடிதண்ணிக்கும் லாபம் உண்டு.

அணைக்குக் கீழே இருக்கற ஆத்துக்கு என்ன கொடுக்குறோம்ங்கறது அடுத்த கேள்வி.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆத்துல இறங்கணும்னா வைகை அணையில இருந்து தண்ணி திறந்துவிடுறாங்க. எந்தத் தேதியில, எத்தனை கன அடி, எப்ப மதுரை வந்து சேரும்னு கணக்குப் போட்டுத் திறக்குறாங்க. சுற்றுச்சூழல் நீரோட்டம்னு புத்தகத்துல இருக்கறது கிட்டத்தட்ட இதே வேலைதான், சாமிக்குப் பதிலா மீனுக்கும் ஆமைக்கும் கரையோரக் கிணத்துக்கும். ஆத்தை உயிரோட வைக்க குறைஞ்சபட்சம் இவ்வளவு தண்ணி, இந்த இந்த மாசத்துல கீழே போயே ஆகணும்னு முன்கூட்டியே விதி எழுதி வைக்கிறது. கங்கையோட மேல்பகுதிக்கு 2018ல மத்திய அரசு இப்படி ஒரு அறிவிக்கை போட்டுச்சு, வறண்ட மாசங்கள்ல மாத சராசரி ஓட்டத்துல 20 சதவீதம், அக்டோபர் ஏப்ரல் மே மாசத்துல 25, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை 30 சதவீதம் விட்டே ஆகணும்னு.

அளவு மட்டும் பத்தாது, நேரமும் முக்கியம். வருஷம் பூராம் ஒரே மாதிரி சொட்டுச் சொட்டா விட்டா ஆறு சாக்கடை ஆயிரும். முதல் மழை வெள்ளம் வந்தாத்தான் பல மீனுக்கு முட்டை போடணும்னே தெரியும், வெள்ளம் அடிச்சுக் கழுவுனாத்தான் படுகையில சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும் குடியேறாது. குருவிக்காரன் சாலைப் பாலத்துல நின்னு கீழே பாத்தாலே போதும், வெள்ளம் அடிக்காத ஆத்துல என்னென்ன மொளைக்கும்னு தெரிஞ்சுக்கலாம். திறக்குறப்பவும் சரி மூடுறப்பவும் சரி படக்குனு பண்ணக்கூடாது, திடுதிப்புனு திறந்தா ஆத்துல குளிக்கிறவன், ஆடு மேய்க்கிறவன் பாடு அதோகதி, திடுதிப்புனு மூடுனா குட்டைகள்ல மீன் மாட்டிக்கிட்டு காஞ்சு சாகும்.

தண்ணியை எந்த உயரத்துல இருந்து விடுறோம்ங்கறதும் ஒரு விஷயம். ஆழமான நீர்த்தேக்கத்துல மேல்தண்ணி வெயில்ல சூடா இருக்கும், அடித்தண்ணி குளுந்து போய், ஆக்சிஜன் இல்லாம, சமயத்துல அழுகுன முட்டை வாடையோட கிடக்கும், ரெண்டும் ஈசியா கலக்காது. அடி மதகை மட்டும் திறந்தா அந்தத் தண்ணிதான் ஆத்துக்குப் போகும். அதனால ஒரு கோபுரத்துல வேற வேற உயரத்துல ஜன்னல் மாதிரி மதகு வச்சு, தேவைக்கு ஏத்த மட்டத்துல எடுக்குற டிசைன் இருக்கு. கலிபோர்னியாவுல சாஸ்டா அணை 1945லயே கட்டுனது, இதை மறந்துட்டாங்க, அப்புறம் சால்மன் மீனுக்காக 1997ல தனியா ஒட்டு வேலை பண்ணி மாட்டுனாங்க. முதல்லயே வச்சிருந்தா செலவு எவ்வளவோ மிச்சம்.

மீனுக்கு அணைங்கறது கதவில்லாத மதில். 1934ல மேட்டூர் அணை வந்ததுக்கு அப்புறம் கடல்ல இருந்து காவிரியில ஏறி வர்ற உல்லம் மீன் அருகிப்போச்சு. விலாங்கு இதுக்கு நேர் எதிர், ஆத்துல வளந்து முட்டை போடக் கடலுக்குப் போகும். மீன் ஏறுறதுக்குப் படிக்கட்டு மாதிரி தொட்டி தொட்டியா கட்டுவாங்க, நல்ல விஷயம்தான், ஆனா எகிறிக் குதிக்கிற சால்மனுக்குப் போட்ட டிசைனை அப்படியே காப்பியடிச்சா நம்ம கெண்டையும் கெளுத்தியும் அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்க வேண்டியதுதான். நம்ம மீனுக்கு சரிவு கம்மியா, கல்லு பரப்புன ஓடை மாதிரி சுத்திப் போற வழி தோதாயிருக்கும். ரொம்ப உயரமான அணைன்னா எந்தப் படியும் உதவாது, அப்பத்தான் பக்கத்துல இருக்கற ஒரு கிளை ஆத்தையாவது அணையில்லாம விட்டு வைங்கன்னு சொல்றது.

ஆவியாகுறதைப் பத்திப் பேசுனா தெர்மாகோலைத் தாண்டிப் போக முடியாது, சிரிக்காம கேளுங்க. 2017 ஏப்ரல்ல வைகை அணையில தெர்மாகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி மிதக்க விட்டாங்க, காத்து அடிச்ச உடனே அம்புட்டும் கரைக்கு வந்துருச்சு, நாடே சிரிச்சுச்சு. ஆனா பிரச்சினை நிஜம், நம்ம ஊர் வெயிலுக்கு திறந்த தண்ணியில வருஷத்துக்கு ஆறேழு அடி உயரத்துக்கு ஆவியாப் போகும். மூடி வைக்கிறதும் முட்டாள்தனமான யோசனை இல்ல, லாஸ் ஏஞ்சலஸ்ல 2015ல ஒரு நீர்த்தேக்கத்துல 9 கோடியே 60 லட்சம் கருப்பு பிளாஸ்டிக் பந்தை மிதக்க விட்டாங்க, முக்கியமா தண்ணித் தரத்துக்காக, கூடவே ஆவியாகுறதும் கொறைஞ்சுச்சு. அது சின்ன நீர்த்தேக்கம், வைகை மாதிரி பரந்த இடத்துல காத்துக்கும் அலைக்கும் தாங்குற மாதிரி நங்கூரம் போட்டாகணும். மிதக்கும் சோலார் பேனல் இன்னொரு வழி, தெலங்கானாவுல ராமகுண்டத்துல 100 மெகாவாட்டுக்கு 2022ல இருந்து ஓடுது. முழுசா மூடிட்டா வெளிச்சம் போகாம மீனுக்குக் கஷ்டம், அதனால ஒரு பகுதிதான்.

மனுஷங்களையும் சேத்துத்தான் சுற்றுச்சூழல். வைகை அணையிலயும் ஊருங்க முங்கியிருக்கு. 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டத்துல இழப்பீட்டோட மறுவாழ்வும் கொடுக்கணும்னு இருக்கு, ஆனா பணமாக் கொடுத்தது ரெண்டு மூணு வருஷத்துல கரைஞ்சிரும், நிலத்துக்கு நிலமும், புதுத் தேக்கத்துல மீன் பிடிக்கிற உரிமையும் முங்குன ஊர்க்காரங்களுக்கே கொடுத்தா நிக்கும். கொசுவும் கணக்குல வரணும், மேட்டூர்த் தண்ணி பாசனத்துக்கு வந்த பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் மலேரியா பெருகுனது பழைய பாடம். அமெரிக்காவுல டென்னசி ஆத்துல தண்ணி மட்டத்தை அடிக்கடி கொஞ்சம் ஏத்தி இறக்கி கரையோரக் கொசுப்புழுவைக் காயவிட்டுக் கொன்னாங்க. பழைய சின்னங்களும் அப்படித்தான், பவானிசாகர்ல முங்குன டணாயக்கன் கோட்டைக் கோயில் தண்ணி வத்துனாத்தான் தலை காட்டுது, நாகார்ஜுன சாகர்ல முங்குறதுக்கு முன்னாடி தோண்டி எடுத்து மேட்டுக்கு மாத்துனாங்க. கீழடி வைகைக் கரையிலதான் இருக்கு, ஆத்தோர மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்காம தண்ணி தேக்குனா என்ன போகும்னு நம்மளுக்குச் சொல்லவே வேணாம்.

கடைசியா ஈடு. 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டை எடுத்தா பதிலுக்குக் காடு வளக்கணும். சோலைக்காடு போன இடத்துக்கு ஈடா எங்கயோ ஒரு பொட்டல்ல தேக்கையும் தைலமரத்தையும் வரிசையா நட்டா எண்ணிக்கை சரியாயிரும், காடு வராது. அதே படுகையில, அதே ஜாதி மரங்களை வச்சு, சிதைஞ்ச காட்டை மீட்டெடுக்கறதுக்கு அந்தக் காசைச் செலவழிச்சா வண்டலும் கொறையும். கால்வாய்ல விழுற மிருகம் ஏறி வர சரிவும், யானை கடக்க மேல்பாலமும் அதே பட்ஜெட்ல அடங்கும்.

உங்க பக்கம் எப்பவாவது ஒரு அணைக்கோ தடுப்பணைக்கோ கருத்துக் கேட்புக் கூட்டம்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல இருந்து அறிவிப்பு வந்தா, அறிக்கையோட தமிழ்ச் சுருக்கத்தை முன்கூட்டியே வாங்கிருங்க, அது கொடுத்தாகணும். அதுல இதை மட்டும் தேடுங்க: வேற எந்த இடம் பாத்தாங்க, அதை ஏன் விட்டாங்க, பக்கத்துல இருக்கற கண்மாய்களைத் தூர் வாரி வரத்துக்கால்வாயைச் சரிபண்ணுனா எவ்வளவு தண்ணி கிடைக்கும்னு கணக்குப் போட்டாங்களா, ஆய்வு எந்த மாசத்துல நடந்துச்சு, அடி மதகு உண்டா, மாசா மாசம் கீழே எத்தனை கன அடி விடப் போறாங்க, அதை யாரு அளப்பாங்க, அந்தக் கணக்கு பொதுமக்கள் கண்ணுல படுமா. மைக் கையில வந்த உடனே பேர், ஊர், சர்வே நம்பரோட பேசுங்க, பேசுனது கூட்டக் குறிப்புல ஏறுச்சான்னு பாத்துட்டு, எழுதியும் ஒரு காப்பி கொடுத்துட்டு வாங்க.